பெயருக்குப் பதில் ஓர் ‘இந்தாங்க’

என் மருமகன் கொழும்பில் கணினி வேலை பார்க்கிறார். வேலை என்றால் நாள் முழுக்க ஒரு திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. முழங்கால் வைத்தியத்துக்காகப் போய் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, வேறு போக்கிடம் இல்லாமல் நானும் அவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தே கிழவியானவள் நான். ஆனால் திரையில் திரும்பத் திரும்ப வந்த இரண்டு சொற்கள் மட்டும் பிடிபடவில்லை. ஃபூ, பார்.

“இது என்ன மாப்பிள்ள?” என்று கேட்டேன்.

“அதுக்கு அர்த்தம் ஒன்னும் இல்லங்க அத்த. இன்னும் பேரு வைக்காத சாமானுக்குச் சும்மா அதப் போட்டு வைப்போம். அப்புறமா சரியான பேரப் போட்டுக்கலாம்.”

அர்த்தம் இல்லாத சொல்லுக்கும் பிறந்த கதை ஒன்று இருக்கத்தானே வேண்டும்? கேட்டேன். அவர் உற்சாகமாகிவிட்டார். யாருக்கும் அது நிச்சயமாகத் தெரியாதாம். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னால் அமெரிக்கப் பத்திரிகையில் வந்த ஒரு சிரிப்புப் படத்தில் ஃபூ இருந்ததாம். யுத்தத்தில் சிப்பாய்கள் திட்டுவதற்கென்று ஒரு வசவைச் சுருக்கி வைத்திருந்தார்களாம். பார் அதன் வால் என்கிறார்கள். பிறகு ஐம்பதுகளின் கடைசியில், ஒரு பெரிய கல்லூரியில் பொம்மை ரயில் விட்டு விளையாடிய மாணவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம். ரயில் எதன் மேலாவது மோதப் போகிறது என்றால் ஒரு பொத்தானை அமுக்குவார்கள், எல்லாம் நின்றுவிடும், சுவர்க் கடிகாரத்தில் நேரத்துக்குப் பதில் ஃபூ என்று வரும். அந்தப் பையன்கள்தான் பிறகு கணினிக்குப் போனார்கள், சொல்லும் கூடவே போனது என்று முடித்தார்.

எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. அவர் மேல் இல்லை. அவர்கள் பொம்மை ரயிலை நிறுத்தி விளையாடிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் நாங்கள் றொசல்லயில் நிஜ ரயில் ஏறி நானுஓயாவில் இறங்கி, பஸ் பிடித்து நுவரெலியாவுக்குப் போனோம், ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வருவதற்கு. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு சொல்லைப் போட்டு வைப்பது அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த சங்கதியா? எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அது இல்லாமல் ஒரு பொழுது போனதில்லை.

என் அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் லயத்துப் பெண்கள் யாருமே சொன்னதில்லை. எதிரில் இருந்தால் ‘இந்தாங்க’. தூரத்தில் இருந்தால் ‘ஏங்க’. என்னிடம் சொல்லும்போது ‘ஒங்கப்பா’. கொழுந்து பறிக்கும் மலையில் மற்ற பெண்களிடம் பேசும்போது ‘எங்க வீட்டு ஆளு’. ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கப் போனால் ‘ஸ்டோர்ல சல்லட ரூம்புல நிக்கிறாரே, அவருக்கு’. ஸ்டோர் என்றால் எங்கள் ஊரில் தேயிலை அரைத்துச் சலிக்கும் தொழிற்சாலை. இத்தனை சொற்களும் ஓர் ஆளுக்கு. அப்பாவின் பெயரில் ஒரு சாமியின் பெயரும் சேர்ந்திருந்தது. அதனால் அந்தச் சாமியையும் அம்மா பெயர் சொல்லிக் கும்பிட்டதில்லை. ‘மல மேல இருக்கிறவரே’ என்பாள். எல்லா மலையிலும் எங்கள் கங்காணிதான் இருந்தார், ஆனாலும் சாமிக்கு விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும். இதுதான் காரணம். பெண்டாட்டி பெயரைப் புருஷன் ஊர் கேட்கக் கத்திக் கூப்பிடலாம். அவள் ஆயுசுக்கு ஒன்றும் ஆகாது. இதை யார் யோசித்து வைத்தார்கள் என்று எனக்கு எப்போதும் கோபம் உண்டு. நான் என் கணவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவர் பல்லெல்லாம் விழுந்து, பேரப்பிள்ளைகளோடு சண்டை போடும் வயது வரைக்கும் நன்றாகவே இருந்தார். அம்மாவிடம் அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். “அவரு ஒடம்பு கெட்டி, தாங்கிச்சு” என்றாள்.

அப்பாவின் உடம்பு கெட்டியில்லை. சலிக்கிற அறையில் தேயிலைத் தூள் காற்றோடு சுற்றிக்கொண்டே இருக்கும். அங்கே நிற்பவர்கள் எல்லோருக்கும் இருமல் இருந்தது, அப்பாவுக்குக் கொஞ்சம் அதிகம். லயத்தின் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்கார்ந்து அவர் இருமுவதைக் கேட்டுக்கொண்டே அம்மா உள்ளே அடுப்பு ஊதுவாள். இருமல் நின்றால்தான் ஊதுவதும் சீராகும். பெயரைச் சொல்லாமல் இருப்பது அம்மா அவருக்குக் கொடுத்துவந்த மருந்து. காசில்லாத மருந்து, அதனால் ஒரு வேளை கூடத் தவறவில்லை.

சுதந்திரம் வந்த கையோடு எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமை போய்விட்டது. பிறகு, இத்தனை வருஷம் இங்கேயே குடும்பத்தோடு இருந்தவர்கள் மனுப் போடலாம் என்றார்கள். அப்பா மனுப் போட்டார். போட்டு வருஷக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லை. நான் எட்டாம் வகுப்பு முடித்து, தோட்டப் பள்ளிக்கூடத்திலேயே சின்ன டீச்சராகச் சேர்ந்தும் விட்டேன். அதற்குப் பிறகுதான் நுவரெலியாவுக்கு விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. கிடைத்தால் இந்த மண்ணில் எங்களுக்கு ஓட்டு உண்டு, போ என்று யாரும் சொல்ல முடியாது. கிடைக்காவிட்டால் அப்பா ஒரு தடவை கூடப் பார்த்திராத இந்தியாவுக்கு என்றைக்காவது மூட்டை கட்ட வேண்டும். அப்பா பிறந்தது இதே தோட்டத்து மேல் டிவிசனில்.

அன்றைக்கு அப்பா துரையிடமிருந்து என்றோ வந்த பழைய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டார். அம்மா பச்சைச் சேலை. நானும் லீவு போட்டுக் கூடப் போனேன். அவர்கள் இருவருக்கும் ஒரு நாள் பேர் போனது. தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்றுதான் சொல்வோம்; கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மனுஷனுக்கு அரைப்பேர் போடுகிற இடத்தில் வாழ்ந்துவிட்டு முழுப்பேரைச் சொல்லப் போனோம்.

விசாரணை அதிகாரி சிங்களவர், நடுவயது, முகத்தில் எங்களைவிட அதிகக் களைப்பு. பக்கத்தில் மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், நெற்றியில் விபூதி. அதிகாரி முதலில் அப்பாவிடம் கேட்டார். எங்கே பிறந்தாய், எந்தத் தோட்டத்தில் எவ்வளவு காலம், இந்தியாவுக்குப் போனதுண்டா? அப்பா எல்லாவற்றுக்கும் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்கள்.

“உம்மட புருஷன்ர பேர் என்ன எண்டு கேக்கிறார்” என்றார் மொழிபெயர்ப்பவர்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. அப்படி யாராவது கேட்டுவிட்டால், அந்தப் பெண் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பாள். அவர் பெயரைச் சொல்வார். இவள் தலையாட்டுவாள். கேட்டவருக்குப் பதில் கிடைத்துவிடும், ஆயுசும் பத்திரமாக இருக்கும். அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். தன் பெயரைத் தானே கணீரென்று சொன்னார், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளைக்குச் சொல்வதுபோல. அம்மா நிம்மதியாகத் தலையாட்டினாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

மொழிபெயர்ப்பவர் சொல்லித்தான் எங்களுக்கு விளங்கியது. சாட்சிக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். சொந்தப் பெண்டாட்டிக்குப் புருஷன் பெயர் தெரியாதா? இப்படித்தான் சில பேர் யாரோ ஒருத்தியைப் பெண்டாட்டி என்று கூட்டிக்கொண்டு வருகிறார்களாம். கல்யாணப் பதிவுப் பத்திரம் இருக்கிறதா என்றார். எங்கள் தோட்டத்தில் யார் பதிந்தார்கள்? மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியதோடு சரி. நான் எழுந்து நின்று, இது எங்கள் வழக்கம் ஐயா என்றேன். மகளும் அவர்கள் பக்கம்தானே என்பதுபோல அதிகாரி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அடுத்த தவணைக்குக் கூப்பிடும் நாளில் இவள் தன் வாயால் சொல்ல வேண்டும். மற்ற இருவரும் வெளியே இருக்க வேண்டும்.

அந்த மொழிபெயர்ப்பவர் மேல்தான் எனக்கு ஆத்திரம். அவர் வீட்டிலும் ‘இஞ்சாருங்கோ’ என்றுதானே கூப்பிட்டிருப்பார்கள்? அவருக்குத் தெரியாத வழக்கமா? ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லியிருக்கலாம். கேட்டதை மொழிபெயர்க்கத்தான் சம்பளம், கேட்காததற்கு இல்லை என்று இருந்துவிட்டார்.

அடுத்த தவணை வரும்வரை எங்கள் காம்பராவில், லயத்தின் அந்த ஒற்றை அறையில், ஒரே பாடம்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, வீட்டில் அம்மாவுக்கு ஒரு பெயரைச் சொல்லிக்கொடுப்பேன்.

“நான் கேக்கிறேன், நீங்க சொல்லுங்க. ஒங்க புருசன் பேரு என்ன?”

“ஒங்கப்பா.”

“அது பேரு இல்லம்மா.”

“அப்ப நீயே சொல்லு, நான் தலையாட்டுறேன்.”

பக்கத்துக் காம்பராப் பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எழுதிக்காட்டச் சொல் என்றாள் ஒருத்தி. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்தாலும் எழுதுவதும் சொல்வதும் ஒன்றுதான் என்றாள். சொல்லிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொள் என்றாள் இன்னொருத்தி. அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“நான் சாவ மாட்டேன் புள்ள, சொல்லித் தொல!”

“அத எப்பிடி நீங்க சொல்லுவீங்க? அது ஒங்க கையிலயா இருக்கு?”

அப்பா வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. அம்மா பார்த்தீர்களா என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

அலுத்துப்போய் நானும் கத்தினேன். “எல்லாரும் இந்தியாவுக்குப் போய் நடுரோட்டுல நிக்கணுமா?” அம்மா அடுப்பு ஊதப் போய்விட்டாள். மறுநாள் வேலை விட்டு வந்ததும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள். மாரியம்மனிடம் என்ன பேசினாளோ தெரியாது. திரும்பி வந்து, “ஒரு வாட்டிதான். அதுக்கு மேல யாரு கேட்டாலும் இல்ல” என்றாள். ஒரு சேவலும் நேர்ந்துகொண்டு வந்திருந்தாள்.

இரண்டாவது தவணை அன்றைக்கு நல்ல மழை. நானும் அப்பாவும் வெளியே விறாந்தையில் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தோம். எங்களைப்போல நிறையப் பேர். பியோன் ஒருவர் கதவுக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று பாதிக் கதவு வழியாகத் தெரிந்தது. அம்மா கம்பளியை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மொழிபெயர்ப்பவர் அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை கொஞ்சம் மெதுவாகக் கேட்டார், அதையும் சொல்ல வேண்டும்.

அம்மா பக்கத்தில் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. நிமிர்ந்து மேலே பார்த்தாள். பிறகு சொன்னாள். முணுமுணுக்கவில்லை. ஒரு தடவைதான் சொல்வது, அது கேட்காமல் போய் மறுபடி கேட்டுவிடக் கூடாதே என்று, ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கூப்பிடும் குரலில் சொன்னாள்.

“ஐயா! இந்தா வந்துட்டேனுங்க!” என்று அப்பா எழுந்தார்.

மழைச் சத்தத்தில் பியோன் கூப்பிட்டதாக நினைத்துவிட்டார். நான் கோட்டைப் பிடித்து இழுப்பதற்குள் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவைத் தள்ளி உள்ளே போய் நின்றுவிட்டார். அம்மா அவரைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சொன்ன மாத்திரத்தில் எதிரில் வந்து நிற்கிறார். எமன் வந்து கூட்டிக்கொண்டு போகாமல் ஆளாவது வந்தாரே என்று அவளுக்கு உயிர் போய் உயிர் வந்திருக்கும். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிங்களத்தில் ஏதோ சொல்லி எழுதிக்கொண்டார்; இவ்வளவு சாட்சி போதும் என்றாராம். மொழிபெயர்ப்பவர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

மழையோடு ரயில் ஏறித் திரும்பினோம். எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷம், காரியம் முடிந்துவிட்டது என்று. அம்மா எதிரில் உட்கார்ந்து அப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் ஒரு தடவை செருமினாலும் இவள் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். அந்த வாரமே சேவலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பிறகு பழையபடி காத்திருந்தோம். மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. ஒரு நாள் ஆபீஸிலிருந்து பெரிய கிளாக்கர் ஆள் அனுப்பினார். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் வாசித்துச் சொன்னார், நானும் வாங்கி வாசித்துப் பார்த்தேன். மனு நிராகரிக்கப்பட்டது. காரணம், அப்பா சின்ன வயதில் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொஞ்ச காலம் வேலை செய்திருந்தார். அந்தத் தோட்டத்தில் ஆட்களின் பேர் பதிந்த பழைய செக்ரோல் எதுவும் மிச்சமில்லை. ஆகவே அந்தக் காலத்தில் அவர் இலங்கையில்தான் இருந்தார் என்பதற்கு அத்தாட்சி இல்லை. மனைவியைப் பற்றிக் கேள்வி எதுவும் இல்லை என்று ஒரு வரி இருந்தது. மனைவி என்பதை ஏற்றுக்கொண்டார்களாம்.

அந்த ஒரு வரியை அம்மாவிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். சொல்லிவிட்டேன். அவள் விறகை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப அந்தப் பேரு தேவையே இல்லையா?”

“இல்லம்மா. சொல்லாட்டியும் இதத்தான் எழுதியிருப்பாங்க.”

“அவரு ஆயுசுல கொஞ்சம் எடுத்துக் குடுத்துட்டு வந்தேன் பாப்பா. அதையும் வாங்கி வச்சுக்கிட்டு இல்லேன்னுட்டாங்களே.”

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவளுக்கு நாடு கிடைக்காதது பெரிதாகத் தெரியவில்லை. நாடு என்று ஒன்று அவள் கைக்கு வந்ததே இல்லை. கையில் இருந்தது ஒன்றே ஒன்று. அதைச் செலவழிக்க வைத்தோம், எல்லோருமாகச் சேர்ந்து.

எங்களைக் குறிக்கப் புதிதாக ஒரு சொல் வந்தது, நாடற்றவர் என்று. மருமகன் சொன்னாரே, சரியான பெயர் வரும்வரை சும்மா போட்டு வைக்கிற சொல் என்று. அவர்களுடைய சொல் சாயங்காலத்துக்குள் மாறிவிடுகிறது. எங்கள் மேல் போட்டதை எடுக்க வெகுகாலம் ஆனது. அறுபதுகளின் நடுவில் இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, உனக்கு இத்தனை எனக்கு இத்தனை என்று எங்களைப் பிரித்துக்கொண்டார்கள். அதைப் பேச எனக்குத் தெம்பில்லை.

கடிதம் வந்த அன்று சாயங்காலம்தான் எனக்கு இன்னும் ஞாபகத்தில் நிற்கிறது. அப்பா ஸ்டோரிலிருந்து வந்து, சங்கதியைக் கேட்டுவிட்டு, இஸ்தோப்பில் உட்கார்ந்தார். தேயிலைத் தூள் புருவத்தில் ஒட்டியிருந்தது. அம்மா கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

“இந்தா” என்றார். “அன்னிக்குக் கூப்பிட்டது நீயாம்ல? நான் பியோன்னு நெனச்சேன். ஒங் கொரல்ல அத நான் கேட்டதே இல்லையே, எப்பிடித் தெரியும்?”

அம்மா உள்ளே போக எழுந்தாள்.

“போனது போச்சு. யாரும் இல்ல. இன்னொரு வாட்டி எனக்காகச் சொல்லேன், கேப்போம்.”

அவர் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. துரையிடம்கூட அந்தக் குரலில் பேசியதில்லை. அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

“சர்க்காருக்குச் சொன்னதுக்கே ஒரு வருசம் போயிருக்கும்” என்றாள். “ஒங்களுக்குச் சொல்லி இன்னொன்னையும் தொலைக்கவா? இந்தாங்க, கஞ்சி ஆறுது. குடிங்க.”

அப்பா குடித்தார்.